காசி ராஜா கிணறு வெட்டிக் கொடுத்த ஆங்கிலேயக் கிராமம்: ஸ்டோக் ரோ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் சில்டர்ன் குன்றுகளில் ஸ்டோக் ரோ என்று ஒரு சிறிய கிராமம். தெருவோரத்தில் தங்க நிறக் குவிமாடம், அதன் நிழலில் ஒரு இரும்பு யானை, அதற்குக் கீழே 368 அடி ஆழக் கிணறு. அதைக் கொடுத்தவர் காசி மகாராஜா. இந்தக் கிணற்றின் படத்தை எங்கே போட்டாலும் முதலில் வருகிற கேள்வி "இது நிஜமா, கிராபிக்ஸா?" என்பதுதான். நிஜம். மற்ற கேள்விகளுக்கு விடைகள் கீழே.

ஸ்டோக் ரோ எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய ஊர்?

ஆக்ஸ்போர்டுஷயர் மாவட்டத்தின் தென்கோடியில். படகுப் போட்டிக்குப் பெயர்போன ஹென்லி நகருக்கு மேற்கே சுமார் ஐந்து மைல், ரெடிங் நகருக்கு வடக்கே. ஊரில் சுமார் 650 பேர் வசிக்கிறார்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர் உயரத்தில், பீச் (beech) மரக் காடுகளுக்கு நடுவே, குன்றின் தலையில் உட்கார்ந்திருக்கிற ஊர் இது. இந்த உயரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கதைக்கெல்லாம் இதுதான் காரணம்.

பெயருக்கு என்ன பொருள்?

'ஸ்டோக்' பழைய ஆங்கிலச் சொல். தாய்க் கிராமத்தை அண்டியிருந்த புறக்குடியிருப்பைக் குறிப்பது. இங்கிலாந்தில் தடுக்கி விழுந்தால் ஒரு ஸ்டோக்: ஸ்டோக் மாண்டவில், ஸ்டோக் நியூவிங்டன், பக்கத்திலேயே சவுத் ஸ்டோக். 'ரோ' என்றால் வரிசை. வரிசையாய் வீடுகள் அமைந்த புறக்குடி என்று வைத்துக்கொள்ளலாம்.

பெயருக்கு ஏற்றபடியே ஊர் நெடுங்காலம் தனி ஊராக இருந்ததில்லை. தேம்ஸ் கரையிலுள்ள பழைய பாரிஷ்கள், அதாவது தேவாலயத்தை மையமாகக் கொண்ட ஊர்ப்பிரிவுகள், ஆற்றங்கரைப் புல்வெளியில் தொடங்கி, குன்றின் மேலுள்ள காடுவரை நீண்ட பட்டைகளாக நிலம் வைத்திருந்தன. எல்லோருக்கும் கொஞ்சம் புல், கொஞ்சம் உழவு நிலம், கொஞ்சம் விறகு கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. அந்தப் பட்டைகளின் மேல்நுனிகள் சேர்ந்த இடம்தான் ஸ்டோக் ரோ. தாய்க் கிராமங்களுக்கு ஆறு இருந்தது. நுனியில் இருந்தவர்களுக்கு விறகு மட்டும் இருந்தது.

மழை ஓயாத இங்கிலாந்தில் தண்ணீர்ப் பஞ்சமா?

நம்ப முடியாததுதான், ஆனால் மண்ணைப் பார்த்தால் புரியும். சில்டர்ன் குன்றுகள் முழுக்கச் சுண்ணப்பாறை. மழை எவ்வளவு பெய்தாலும் பாறை சல்லடைபோல் உள்வாங்கிக்கொள்ளும், நீர் நூற்றுக்கணக்கான அடி கீழே போய்த்தான் நிற்கும். பள்ளத்தாக்கில் ஊற்றாக வெளிவரும் அந்த நீர் உச்சியில் இருப்பவர்களுக்கு எட்டாது. குன்றின் தலையில் ஓடையும் இல்லை, ஊற்றும் இல்லை.

ஒரே ஆறுதல், உச்சியில் சுண்ணப்பாறைக்கு மேல் படிந்திருக்கும் களிமண். செங்கல்லுக்கு மண் எடுத்துக் கைவிட்ட குழிகளில் மழைநீர் தேங்கும். கலங்கலான அந்தக் குட்டைகள்தான் குடிக்க, சமைக்க, மாட்டுக்கு, துணிக்கு, எல்லாவற்றுக்கும். கோடை நீண்டால் அவையும் வற்றிவிடும். அப்போது மைல் கணக்கில் நடந்து, தோளில் காவடிபோலக் கட்டையைப் போட்டு வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமந்து வருவார்கள். ஒரு தண்ணீரில் ஒரு வேலை முடிந்தால் அதைக் கொட்டமாட்டார்கள், அடுத்த வேலைக்கு எடுத்து வைப்பார்கள்.

இது காசி ராஜாவுக்கு எப்படித் தெரிந்தது?

எட்வர்டு ஆண்டர்டன் ரீட் என்ற ஆங்கிலேய அதிகாரி மூலமாக. ஸ்டோக் ரோவுக்கு அடுத்த இப்ஸ்டன் கிராமத்துப் பண்ணையார் வீட்டுப் பிள்ளை. இவருடைய தம்பி அந்தக் காலத்தில் பெயர்பெற்ற நாவலாசிரியர். ரீட் இளவயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு வந்து, இன்றைய உத்தரப் பிரதேசப் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவர். 1857 எழுச்சியின் நடுவே ஆக்ராவில் லெப்டினன்ட் கவர்னர் ஜான் கால்வின் இறந்தபோது, சிறிது காலம் பொறுப்பைக் கையில் எடுத்தவரும் இவரே.

1831இல் ஆசம்கர் பகுதியில் மக்களுக்காக ஒரு கிணறு வெட்ட ரீட் ஏற்பாடு செய்தார். காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கோடு பிற்பாடு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது. பேச்சுவாக்கில் தன் சொந்த ஊர்ப்பக்கத்துத் தண்ணீர்க் கஷ்டத்தையும் சொல்லியிருக்கிறார். வீட்டில் கடைசியாக மிஞ்சியிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டதற்காக ஒரு சிறுவன் தாயிடம் அடி வாங்கிய கதை அதில் ஒன்று.

1860இல் ரீட் இந்தியாவை விட்டுக் கிளம்பிவிட்டார். ஓரிரு ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் ஏதாவது ஒரு தர்மம் செய்யவேண்டும் என்று மகாராஜாவுக்கு எண்ணம் வந்தது. லண்டனில் ஒரு சிலையோ மண்டபமோ வைத்திருக்கலாம். அவருக்கு நினைவு வந்தது ஆசம்கர் கிணறும், அடிபட்ட அந்தப் பையனும்.

ஏன் கிணறு? பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று கொடுத்திருக்கலாமே?

இந்தக் கேள்வியை நம் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன், ஆனால் கேட்கிறார்கள். குளம் வெட்டுவதும் கிணறு தோண்டுவதும் தண்ணீர்ப் பந்தல் வைப்பதும் நம்மிடம் காலங்காலமாகப் புண்ணியக் கணக்கில் முதல் வரிசையில் இருப்பவை. கங்கைக் கரை ராஜாவுக்கும் அதே கணக்குதான். தண்ணீர் இல்லை என்று ஒருவன் சொன்னால் கிணறு வெட்டிக் கொடுப்பது அவர் யோசித்து எடுத்த முடிவாக இருந்திருக்கத் தேவையில்லை. வாய்விட்டுச் சொன்னதும் கை தானாகப் போகிற இடம் அது.

அவர் உண்மையில் ராஜாதானா?

பட்டமும் கோட்டையும் இருந்தன. கங்கைக்கு மறுகரையில் ராம்நகர் கோட்டை, தசரா நாட்களில் ஊர் முழுக்க நடக்கும் ராம்லீலா, இவையெல்லாம் அந்தக் குடும்பத்தின் பெருமைகள். ஆனால் 1790களிலேயே காசி ராஜ்யத்தின் நிர்வாகம் கம்பெனி கைக்குப் போய்விட்டது. 1835 முதல் 1889 வரை பட்டத்தில் இருந்த ஈஸ்வரி பிரசாத் நடைமுறையில் பெரிய ஜமீன்தார். காசி மறுபடி முறையான சமஸ்தானம் ஆனது 1911இல்தான். பணம் இருந்தது, மரியாதை இருந்தது, ஆட்சி இல்லை.

அப்படியானால் இது வெள்ளையரைக் குளிர்விக்கக் கொடுத்த பரிசு அல்லவா?

நேர்மையாகப் பேசினால், அந்த வாடையும் இதில் உண்டு. 1857 ஜூனில் கர்னல் நீலின் படை காசியிலும் சுற்றுப்புறத்திலும் நூற்றுக்கணக்கானோரைத் தூக்கிலிட்டது. மகாராஜா அப்போது ஆங்கிலேயர் பக்கம் நின்றவர், அதற்கான மரியாதையையும் பெற்றவர். கிணற்று வேலைக்கு முதல் மண்வெட்டு விழுந்த நாள் 1863 மார்ச் 10, வேல்ஸ் இளவரசரின் திருமண நாள். திறப்பு விழா 1864 மே 24, விக்டோரியா ராணியின் பிறந்தநாள். இரண்டும் தற்செயல் அல்ல. 1882இல் ராணியை ஒருவன் சுட முயன்று அவர் தப்பியபோதுகூட, ராஜா தன் செலவில் ஸ்டோக் ரோ மக்களுக்கு ரொட்டி, டீ, சர்க்கரை கொடுக்கச் செய்தார்.

ஆனாலும் ராஜவிசுவாசத்தைக் காட்ட இதைவிட எளிய, பலர் கண்ணில் படுகிற வழிகள் எத்தனையோ இருந்தன. இங்கிலாந்திலேயே பலருக்குத் தெரியாத ஒரு குன்றுக் கிராமத்தின் கூலிக்காரர்களுக்குக் கிணறு வெட்டுவது அரண்மனையின் கண்ணில் படுவதற்கான குறுக்குவழி அல்ல. விசுவாசமும் இருந்தது, இரக்கமும் இருந்தது. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஊர்ப் பெருமை பேசுகிற பிரசுரங்கள் முதலாவதை மறைக்கின்றன, இணையத்தில் சண்டை போடுகிறவர்கள் இரண்டாவதை.

368 அடியை எப்படித் தோண்டினார்கள்?

கையால். இயந்திரம் எதுவும் கிடையாது. கிணற்றின் விட்டம் நாலே அடி. கைகளை இரண்டு பக்கமும் முழுதாக நீட்டக்கூட இடமில்லை. மேலே களிமண்ணும் சரளையும், அதற்குக் கீழே முடிவில்லாத சுண்ணப்பாறை. இடையிடையே மணல் அடுக்கு வந்தால் எந்த நிமிடமும் சரியலாம். வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தி. கீழே போகப்போகக் காற்று கெட்டுப்போகும். வெட்டிய ஒவ்வொரு கூடை மண்ணும் அந்த ஒரே துளை வழியாகத்தான் மேலே வந்தாக வேண்டும்.

லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் உயரம் 365 அடி. அதைக் கவிழ்த்து உள்ளே இறக்கினால் சிலுவை முனைக்குக் கீழே இன்னும் மூன்று அடி மிச்சம் இருக்கும். டெல்லி குதுப் மினார் என்றால் ஒன்றரை வேண்டும்.

வேலை ஓராண்டுக்கு மேல் நீடித்தது. கிணற்றுக்கும் மேல்கட்டுமானத்துக்குமாக ஆன செலவு சுமார் 350 பவுண்டு. ராஜாவின் பெயர் குவிமாடத்தைச் சுற்றி எழுதியிருக்கிறது. இறங்கித் தோண்டியவர்களின் பெயர் அங்கே இல்லை.

அவ்வளவு ஆழத்திலிருந்து எப்படி இறைத்தார்கள்?

கைப்பிடியைச் சுற்றித்தான். ஒன்பது காலன், அதாவது சுமார் 41 லிட்டர் பிடிக்கும் வாளி மேலே வந்து சேரப் பத்து நிமிடம் ஆகும். மணிக்கு ஆறு வாளி, ஏறக்குறைய 245 லிட்டர். இன்று ஒரு ஷவரில் போகிற தண்ணீருக்கு அன்று எவ்வளவு நேரம் சுற்றியிருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இருந்தாலும் குட்டையின் கலங்கலுக்குப் பதிலாக, பாறை வடிகட்டிய தெளிந்த தண்ணீர், வீட்டுப் பக்கத்திலேயே, வருடம் முழுக்க. ஊர்மக்கள் யாரும் காசு தரவேண்டியதில்லை, என்றைக்கும் இலவசம் என்பது ராஜாவின் நிபந்தனை.

அந்த யானை?

பக்கத்து வாலிங்ஃபோர்டு நகரிலிருந்த வைல்டர் என்ற இரும்புப் பட்டறையில் வார்த்தது. யானை நிற்பது குவிமாடத்தின் மேலே அல்ல, உள்ளே, இறைக்கும் இயந்திரத்தின் மீது. பல படங்களில் தெரியாமல் போவதற்கு அதுதான் காரணம். வார்ப்பிரும்புத் தூண்கள் தாங்கும் குவிமாடத்தோடு சேர்த்தால் தரையிலிருந்து சுமார் 23 அடி உயரம்.

காசியில் இதுபோல ஒரு கட்டடத்தைத் தேடினால் கிடைக்காது. விவசாயக் கருவி வார்க்கிற ஆங்கிலேயப் பட்டறை, 'இந்தியா' என்ற சொல்லைக் கேட்டதும் மனதில் தோன்றியதை வார்த்து வைத்திருக்கிறது. யானை, வெங்காயக் குமிழ், தங்கப்பூச்சு. சிரிப்பும் வரும், அழகாகவும் இருக்கும்.

கிணற்றைப் பராமரிக்க யார் பணம் கொடுத்தார்கள்?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வெறுமனே கிணற்றை வெட்டிவிட்டுப் போகாமல், அதற்குச் சோறு போட ஒரு தோப்பும் வைத்தார்கள். பக்கத்து நிலத்தை வாங்கி செர்ரி மரங்கள் நட்டு, பழம் விற்ற காசில் பராமரிப்பு. கோயிலுக்கு நிலம் எழுதிவைத்து அதன் வருமானத்தில் விளக்கெரிப்பது நமக்குத் தெரிந்த ஏற்பாடு, அதேதான் இது. தோப்பின் பெயர் 'இஷ்ரீ பாக்'. ராஜாவின் ஈஸ்வரி என்ற பெயர் ஆங்கிலேயர் எழுத்தில் இஷ்ரீ ஆகிவிட்டது. 'பாக்' என்றால் தோட்டம்.

அங்கேயே மீன் வடிவத்தில் ஒரு குளமும் வெட்டி, மத்ஸ்யா என்று பெயர் வைத்தார்கள். மீன் காசி அரச குடும்பத்தின் சின்னத்தில் இருப்பது. கிணற்றைக் கவனித்துக்கொள்பவருக்கு எண்கோண வடிவில் ஒரு குட்டி வீடு, சுமார் 75 பவுண்டு செலவில். ஆக்ஸ்போர்டுஷயர் விவசாயக் கூலிகள் 'மத்ஸ்யா', 'பாக்' என்று வாயில் சொல்லிப் பார்த்திருப்பார்கள் என்பதை நினைத்தாலே வேடிக்கையாக இருக்கிறது.

இப்போதும் தண்ணீர் இறைக்கிறார்களா?

இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குழாய்த் தண்ணீர் வரத் தொடங்கியதும் கிணற்றின் தேவை குறைந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு புழக்கம் ஏறக்குறைய நின்றுபோனது.

பிறகு மறந்துபோயிருக்கவேண்டிய கிணறு மீண்டும் பேச்சுக்கு வந்தது காசியில்தான். 1961இல் எலிசபெத் ராணி இந்தியா வந்தபோது, அன்றைய மகாராஜா அவருக்கு இந்தக் கிணற்றின் மாதிரியை யானைத் தந்தத்தில் செய்து கொடுத்தார். 1964இல் நூற்றாண்டு விழா. ராணியின் கணவர் இளவரசர் பிலிப் கிராமத்துக்கே வந்தார். கங்கையிலிருந்து கொண்டுவந்த நீரைக் கிணற்று நீரோடு கலந்தார்கள். இன்று ஓர் அறக்கட்டளை கிணற்றையும் தோப்பையும் பராமரிக்கிறது.

இங்கிலாந்தில் இந்தியர்கள் கொடுத்த இதுபோன்ற கொடைகள் வேறு உண்டா?

உண்டு. பக்கத்து இப்ஸ்டனிலேயே இன்னொரு கிணறு இருக்கிறது, அதுவும் காசிப் பக்கத்து ஜமீன்தார் ராஜா தேவ்நாராயண் சிங் கொடுத்ததுதான். யானையும் குவிமாடமும் இல்லாததால் யாரும் கண்டுகொள்வதில்லை. லண்டன் ரீஜன்ட் பார்க்கில் பம்பாய்ப் பார்சி வணிகர் கவாஸ்ஜி ஜகாங்கீர் ரெடிமணி 1869இல் அமைத்த குடிநீர் ஊற்று இன்றும் நிற்கிறது. ஹைட் பார்க்கில் விஜயநகரம் மகாராஜா கொடுத்த ஊற்று ஒன்று இருந்தது. ஹம்பி விஜயநகரம் அல்ல, அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியில் இருந்த ஜமீன். அதை 1964இல் எடுத்துவிட்டார்கள். ஸ்டோக் ரோவில் கங்கை நீரைக் கலந்து விழா எடுத்த அதே ஆண்டில்.

கிணற்றைத் தவிர ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?

கோட்டை கொத்தளம் எதுவும் இல்லை. புனித யோவான் தேவாலயம் 1846இல் கட்டியது. இங்கிலாந்துக் கணக்கில் நேற்றுக் கட்டியது. சுவர்கள் சிக்கிமுக்கிக் கல்லால் ஆனவை. களிமண்ணோடு கலந்து இந்தப் பகுதி வயல்களில் உழும்போதெல்லாம் கிளம்பும் கல் அது. உடைத்த முகத்தை வெளிப்பக்கம் வைத்துக் கட்டுவார்கள், மழை நாளில் கருநீலமாகப் பளபளக்கும்.

குருக்கட் பில்லட் என்ற பழைய மதுக்கடையும் பிரபலம். நடிகை கேட் வின்ஸ்லெட்டின் 1998 திருமண விருந்து அங்கேதான் நடந்தது. இன்னொரு மதுக்கடையின் பெயர் செர்ரி ட்ரீ. இந்தக் குன்றுகளில் செர்ரி எவ்வளவு சகஜம் என்பதற்கு அதுவே சாட்சி.

ஊர்மக்கள் எதை வைத்துப் பிழைத்தார்கள்?

உழவு, செங்கல், எல்லாவற்றுக்கும் மேலாக பீச் மரம். சில்டர்ன் காடுகளில் பாட்ஜர் என்ற தொழிலாளிகள் இருந்தார்கள். காட்டுக்குள்ளேயே குடிசை போட்டு, வளையும் ஒரு கம்பையும் கயிற்றையும் கால்மிதியையும் வைத்துக் கடைசல் இயந்திரம் அமைத்து, ஈர மரத்தில் நாற்காலிக் கால்களைக் கடைந்து குவிப்பார்கள். முழு நாற்காலி செய்வது அவர்கள் வேலை இல்லை, கால்கள் வண்டியேறி ஹை விக்கம் நகரத் தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சேரும். ஸ்டோக் ரோவில் கூடார முளைகள் செய்வதும் பெரிய தொழிலாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்குக் கூடாரம் அடிக்க முளை வேண்டியிருந்ததால் நல்ல கிராக்கி. பிரஷ் தொழிற்சாலை ஒன்றும் இயங்கியது. இன்று காட்டில் கேட்பது நடைப்பயணிகளின் சத்தம் மட்டும்.

எப்படிப் போவது? எப்போது போகலாம்?

லண்டன் பாடிங்டனிலிருந்து ரெடிங்குக்கு விரைவு ரயிலில் அரை மணி நேரம். அங்கிருந்து கார் அல்லது டாக்ஸி எடுப்பதுதான் நிம்மதி, கிராமத்துப் பேருந்துகளை நம்பிப் போகிறவர்கள் நேர அட்டவணையை முதலில் பார்த்துவிடுங்கள். கிணறு சாலையோரத்திலேயே இருக்கிறது, கட்டணம் இல்லை. ஏப்ரல் கடைசி முதல் மே பாதி வரை போனால் பீச் காடுகளின் தரை முழுக்க நீலமணிப் பூக்கள். செர்ரி பூப்பதும் ஏறக்குறைய அதே சமயம்.

காட்டுப்பாதையில் நடக்கப் போகிறீர்கள் என்றால் கையில் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். குன்றின் மேலே இப்போதும் ஓடை கிடையாது.